ரிப்பன் கட்டிய செக்கு

கானா நாட்டின் குமாசி நகரத்தில் ஒரு விஞ்ஞானியைக் கௌரவிக்க வேண்டுமென்றால் முதலில் அவளை மேடையில் ஒரு நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பிறகு அவளைத் தவிர மற்ற எல்லாரும் பேச வேண்டும். டாக்டர் பிராகோ சிவப்பு அங்கிக்குள் வெந்துகொண்டு, இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அங்கி அவளுடையதுகூட இல்லை. விழா ஏற்பாடுகளுக்கெல்லாம் பொறுப்பான சார்ஃபோ காலையில் எங்கிருந்தோ கொண்டுவந்து தோளில் மாட்டிவிட்டார். குளிர்நாட்டில் யாரோ தனக்காகத் தைத்துக்கொண்டது. அரங்கில் மின்விசிறிகள் சுற்றின, ஆனால் எல்லாம் பார்வையாளர் பக்கம்.

கண்டம் முழுவதிலும் தேடி வருஷத்துக்கு ஒரு விஞ்ஞானிக்குப் பதக்கம் தரும் சங்கம் ஒன்று இந்த முறை பிராகோவைப் பிடித்திருந்தது. பதக்கத்தோடு ஒரு நிபந்தனை உண்டு. வாங்குகிறவர் தன் ஊரில், பொதுமக்கள் முன்னால் ஒரு பேருரை நிகழ்த்த வேண்டும். அந்த நிபந்தனைக்காகத்தான் அவள் பதக்கத்துக்கே சம்மதித்தாள். காரணம் மூன்றாவது வரிசையில், பச்சையும் மஞ்சளுமாகத் துணி உடுத்து, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மண்டியின் கடலை வியாபாரிகளுக்கெல்லாம் தலைவி, எல்லாரும் 'கடலை ராணி' என்று அழைக்கும் ஃப்ரேமா. அவளுக்கு இரு பக்கமும் அவளுடைய வியாபாரப் பெண்கள்.

பிராகோ குமாசிக்கு வடக்கே எஜுராவில் பிறந்தவள். அப்பா அமோவா லாரி ஓட்டினார். அறுவடைக் காலத்தில் கடலை மூட்டைகளின் மேலேயே படுத்துத் தூங்கி வளர்ந்த பெண், பிற்பாடு அதே கடலையில் பிடிக்கும் பூஞ்சணத்தை ஆராய்ந்து வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கினாள். அங்கேயே இருக்கச் சொன்னார்கள். திரும்பி வந்துவிட்டாள். வந்தவளுக்கு அதிகமாகக் கிடைத்தது பயிற்சி. நைரோபியில் ஒரு ஓட்டலில் 'அறிவியலை எளிமையாகச் சொல்வது எப்படி.' டக்காரில் இன்னொரு ஓட்டலில் 'பொதுமேடைப் பேச்சு.' பிறகு 'கொள்கை வகுப்போரிடம் பேசும் கலை.' எல்லாவற்றுக்கும் சான்றிதழ் இருந்தது. மாதிரிகளை வைக்கும் குளிர்பெட்டிதான் மின்சாரம் போகும்போதெல்லாம் செத்துப் பிழைத்தது. பேசவே விடாத இடத்தில் பேசுவது எப்படி என்று மட்டும் ஒருவரும் பயிற்சி தரவில்லை.

அவள் சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான். மண்டிப் பெண்கள் கடலையைக் கொட்டி, நல்லதை ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். கறுத்தது, சுருங்கியது, பூஞ்சணம் பிடித்தது எல்லாம் கழிசல். கழிசல் நேராக மில்லுக்குப் போகும். அரைத்து விழுதாக்கிவிட்டால் எது கறுப்பு, எது வெளுப்பு என்று யாருக்குத் தெரியும்? அந்த விழுதுதான் ஊரெல்லாம் கடலைச் சூப்பாகிறது, குழந்தைகளின் கஞ்சியில் கலக்கிறது. பூஞ்சணம் விட்டுப்போன விஷம் எத்தனை கொதித்தாலும் போவதில்லை. ஈரலில் போய்த் தங்குகிறது.

இதைச் சொல்லத்தான் அவள் முதன்முதலில் மண்டிக்குப் போனாள். ஃப்ரேமா சாக்குக் குவியலின் மேல் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கேட்டீங்களாடி? எஜுரா லாரிக்கார அமோவாவோட பொண்ணு நமக்குக் கடலை கத்துக்குடுக்க வந்திருக்கா."

"கத்துக்குடுக்க வரலேம்மா. கழிசலை மட்டும் மில்லுக்கு அனுப்பாதீங்கன்னு கேக்க வந்தேன்."

"அனுப்பலேன்னா உன் வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

பெண்கள் கையைத் தட்டிச் சிரித்தார்கள். பிராகோ மறுபடி போனாள், மறுபடியும் போனாள். கடைசியில் ஒருநாள் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து ஃப்ரேமா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"நீ சொல்றது பொய்யின்னு நான் சொல்லலே. என் தங்கச்சி மகன் ஈரல் வீங்கித்தான் போனான். ஆனா நான் மட்டும் தனியா இதைச் சொன்னேன்னு வை, டப்பாவுலே கடலை விழுது விக்கிற கம்பெனிக்காரன் ராணியை விலைக்கு வாங்கிட்டான்னு நாளைக்கே பேசுவாளுங்க. உன் பதக்க விழாவுக்கு வர்ற அரசர் முன்னாடி சொல்லு. பெரிய மனுஷங்க உக்காந்திருக்கற எடத்துலே, எங்க பாஷையிலே சொல்லு. இவளுங்க காதாலே கேக்கட்டும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"விழாவுக்கு வருவீங்களா?"

"வருவேன். ஆனா அன்னிக்குத்தான் புதுக் கடலை மொத லாரி வருது. நான் மூட்டையைப் பிரிச்சு விலை சொல்லாம ஒருத்தியும் கைவைக்க முடியாது. லாரி வந்துட்டா எந்திரிச்சுடுவேன், அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

புதுக் கடலை மண்டிக்குள் நுழைந்துவிட்டால் கழிசலும் நுழைந்துவிடும், மில்லும் ஓடத் தொடங்கிவிடும். பிறகு அடுத்த அறுவடைவரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அழைப்பிதழில் பத்து மணி என்று போட்டிருந்தது. பத்துக்கு வந்தவர்கள் பிராகோவும் மண்டிப் பெண்களும்தான். விழாக்குழு வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார். நாட்டுக்காக, பல்கலைக்கழகத்துக்காக, மழைக்காக ஜெபித்தார். முடித்துவிட்டார் என்று எல்லாரும் கண்ணைத் திறந்தபோது கடலைக்காகவும் ஜெபித்தார். பிறகு தலைவரை அறிமுகம் செய்ய ஒருவர் எழுந்தார். அவரை அறிமுகம் செய்ய அதற்கு முன் இன்னொருவர் எழுந்திருந்தார். தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், தன்னைத் தலைவராக்கியதற்கு நன்றி சொல்லவே நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். அடுத்தது வாழ்த்துரைகள். பிராகோவுக்குப் பயிற்சி கொடுத்த ஒவ்வொரு அமைப்பும் ஓர் ஆளை அனுப்பியிருந்தது. அவளை உருவாக்கியது தாங்கள்தான் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். பிராகோ பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு சார்ஃபோ ஒலிவாங்கியின் முன் வந்து தொண்டையைச் செருமினார். அவர் கையில் ஒரு தடித்த காகிதக் கட்டு. போன வாரம், "உங்களைப் பத்தின முழு விவரமும் வேணும் டாக்டர், ஒண்ணுகூட விட்டுடாதீங்க" என்று கேட்டு வாங்கிப் போனாரே, அதேதான். சுருக்கி நாலு வரி சொல்வார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சார்ஃபோ முதல் வரியிலிருந்து வாசித்தார். தொடக்கப் பள்ளி. உயர்நிலைப் பள்ளி. ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் இடம். கட்டுரைகளின் தலைப்புகள், பக்க எண்களோடு. ஒவ்வொரு பட்டறையும், அது நடந்த ஓட்டலின் பெயரோடு.

மூன்றாவது வரிசையிலிருந்து ஃப்ரேமாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "ஏண்டி, சாவு வீட்லேதானே இப்படிப் படிப்பாங்க? இவ எப்ப செத்தா?"

"மெதுவா பேசுக்கா, கேக்கப் போகுது."

"கேக்கட்டும். பொணமே உக்காந்து கேட்டுட்டிருக்கு."

சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. பிராகோவும் சிரித்திருப்பாள், அவள் சாவாக இல்லாமல் வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால்.

சார்ஃபோ கடைசிப் பக்கத்துக்கு வந்த நேரம் வாசலில் முரசு ஒலித்தது. அந்த வட்டாரத்து அரசர் வந்துவிட்டார். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் எல்லாரும் அவரை நானா என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய குடை, தங்கப் பூச்சுக் கோலேந்திய கோல்காரர், பின்னால் பெரியவர்கள். அரங்கமே எழுந்து நின்றது. நானாவின் கூட்டம் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வந்து அமர்ந்தது. பிறகு அரங்கத்தார் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி அவர்களுக்குக் கைகொடுத்தார்கள். எல்லாம் முடிந்து மூச்சு விடும்போது சார்ஃபோ மறுபடி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நானா இல்லாதபோது டாக்டரைப் பற்றிச் சொல்லிவிட்டோம். அது மரியாதை அல்ல. எனவே அவையின் அனுமதியோடு, மறுபடியும் முதலிலிருந்து."

அவர் தொடக்கப் பள்ளியிலிருந்து வாசித்தார்.

இரண்டாம் முறை ஓட்டப்பந்தயம் வந்தபோது பிராகோ நாற்காலியிலிருந்து எட்டிக் கேட்டாள். "மிஸ்டர் சார்ஃபோ, மண்டிக்காரங்க கெளம்பிடுவாங்க. நான் எப்பப் பேசறது?"

சார்ஃபோ ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். "வரிசைப்படி வருவீங்க டாக்டர். பொறுமையா இருங்க, இது உங்க நாள்."

"என் நாளா? மண்டிக்காரங்க பேசற ட்வி பாஷையிலேயாவது பேச விடுவீங்களா?"

"பேருரை ஆங்கிலத்துலேதான். சங்கத்தோட விதி. படம் பிடிக்கறாங்க பாருங்க."

வாசிப்பு முடிந்தது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் அருமையானது என்று பத்து நிமிடம் பேசினார். முடிவில், "எனவே டாக்டர் தம் உரையின் சாரத்தை ஐந்தே நிமிடத்தில் வழங்குவார். முழு உரையும் பல்கலைக்கழக இணையதளத்தில் கிடைக்கும். பிறகு சிற்றுண்டி" என்றார். சிற்றுண்டி என்றதும் கைதட்டல் எழுந்தது.

பிராகோ பேச்சுமேடைக்கு வந்தாள். அதே நேரம் ஃப்ரேமாவின் கைப்பேசி அடித்தது. "வந்துட்டானா? பிரிக்கச் சொல்லாதே, நான் வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே ராணி எழுந்தாள். பெண்கள் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். ஃப்ரேமா மேடையைப் பார்த்துக் கையை விரித்தாள். 'நான் என்ன செய்ய?' என்று கேட்கிற கை.

நைரோபி சொல்லிக்கொடுத்தது எதுவும் பிராகோவுக்கு நினைவு வரவில்லை. எரிச்சல்தான் உச்சந்தலைவரை இருந்தது. ஐந்து நிமிடம்! ஓட்டப்பந்தயத்துக்கு இரண்டு முறை நேரம் இருந்தது. அவள் அங்கியைக் கழற்றிப் பேச்சுமேடையின் மேல் போட்டாள். படியிறங்கி, நானாவின் முன்னால் வந்து, செருப்பை விட்டு வெறுங்காலில் நின்றாள்.

"கோல்காரரே, நானாவின் காதுக்கு ஒரு சேதி."

அரங்கம் அப்படியே நின்றது. ஒருவர் நானாவிடம் சேதி சொல்லத் தொடங்கிவிட்டால், முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது, நடக்கக்கூடாது, குறுக்கே வாய் திறக்கக்கூடாது. பால் மணம் மாறாத குழந்தைக்கும் தெரியும் அங்கே. நடையில் நின்ற ஃப்ரேமா சட்டென்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பெண்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். "டாக்டர், விதிப்படி..." என்று தொடங்கிய சார்ஃபோவைப் பார்த்து நானாவின் பெரியவர் ஒருவர் உதட்டில் விரலை வைத்தார்.

அரசரிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை. பிராகோ சொல்ல, கோல்காரர் அதை அலங்கரித்து நானாவிடம் சொல்ல வேண்டும்.

"கழிசல் கடலையிலே கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷம் இருக்கு" என்றாள் அவள், ட்வியில்.

கோல்காரர் கோலை உயர்த்தினார். "நானா, கடலைக்குள்ளே ஒரு திருடன் குடியிருக்கான். கதவைத் தட்டாம உள்ளே வர்றான். ஈரல்லே பாய் விரிச்சுப் படுத்துக்கறான். மூணே நாள், ஆள் காலி!"

"மூணு நாள்லே இல்லே கோல்காரரே. வருஷக்கணக்கா ஆகும். இல்லாததைச் சேக்காதீங்க."

"அவசரமே இல்லாத திருடன், நானா" என்றார் கோல்காரர், கொஞ்சமும் தயங்காமல்.

பிராகோ தொடர்ந்தாள். கொதித்தாலும் போகாது என்பதை, விழுதில் நிறம் தெரியாது என்பதை, சின்னக் குழந்தைகளின் கஞ்சியை. நானா முகத்தைச் சுளித்தார். மெல்ல ஏதோ சொன்னார்.

"நேத்து ராத்திரி நானா கடலைச் சூப் சாப்பிட்டார். அது எந்தக் கடலைன்னு கேக்கறார்" என்றார் கோல்காரர்.

அரங்கத்தின் கண்கள் எல்லாம் ஃப்ரேமாவின் பக்கம் திரும்பின. ராணியின் கழுத்து விறைத்தது. இப்போது ஒரு சொல் தவறினால் போதும், வந்த காரியமே பாழ் என்று பிராகோவுக்குப் புரிந்தது.

"எந்தக் கடலைன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். மண்டியிலே பொறுக்கற பெண்கள் கைக்கு ஈடு கிடையாது. அவங்க கெட்டதுன்னு ஒதுக்கறதும் என் கருவி கெட்டதுன்னு சொல்றதும் பெரும்பாலும் ஒண்ணுதான். விஷத்தை அவ்வளவு ஒழுங்கா அவங்க பிரிச்சு வெக்கறாங்க. நாம எல்லாரும் சேந்து அதை அரைச்சுச் சாப்பிடறோம்."

ஃப்ரேமாவின் கழுத்து இளகியது. செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் முன்னால் வந்து நின்றாள்.

"கோல்காரரே, என் வார்த்தையும் போகட்டும். பொண்ணு சொன்னது காதுலே விழுந்துது. ஆனா கழிசலை என்ன பண்றது? என்கிட்ட இருக்கற விதவைங்க பொழப்பே அதுலேதான். கொட்டுன்னா எங்கே கொட்டறது, அவங்க வயித்துலேயா?"

"சோப்புக்கு எண்ணெய் ஆட்டலாம்" என்றாள் பிராகோ. "பிண்ணாக்கை மட்டும் ஆடு கோழிக்குப் போடாம எரிச்சுடணும். கழிசல் வித்துப்போகும். யார் வாயிலேயும் போகாது."

"ஆட்டறதுக்குச் செக்கு?"

பிராகோ தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். தலைவர் சார்ஃபோவைப் பார்த்தார். சார்ஃபோ கூரையைப் பார்த்தார்.

கோல்காரரின் கோல் மேடைப் பக்கம் திரும்பியது. "நானா பதிலுக்குக் காத்திருக்கார்."

தலைவர் எழுந்தார். "செக்கு இருக்கிறது, நானா. மின்சாரத்தில் ஓடும் நல்ல செக்கு. டாக்டரின் துறைக்குப் பின்னால் கொட்டகையில் இருக்கிறது. இன்னும் திறப்பு விழா நடக்கவில்லை."

"எப்ப வந்துதுன்னு நானா கேக்கறார்."

"போன அறுவடைக்குச் சற்று முன்பு. மந்திரி தேதி கொடுக்க வேண்டும். ரிப்பன் கட்டித் தயாராக வைத்திருக்கிறோம்."

பின்வரிசையில் யாரோ வெடித்துச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானா சிரிக்கவில்லை. கோல்காரரின் காதில் சொன்னார்.

"நானா கேட்டுக்கிட்டார். ராணி என்ன சொல்றா?"

ஃப்ரேமா மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இன்னிக்கு வந்த லாரியிலேருந்து கழிசல் மில்லுக்குப் போகாது. நாளைக்குச் செக்குக்கு வரும். செக்கு பூட்டியிருந்தா எனக்கென்ன, மில்லு தெறந்துதான் இருக்கு. நானா சாட்சி."

சொல்லிவிட்டு வணங்கினாள், செருப்பை மாட்டினாள், பெண்களைக் கூட்டிக்கொண்டு லாரிக்குப் போய்விட்டாள்.

விழா அதோடு முடியவில்லை. தலைவர் முடிவுரை ஆற்றினார். நன்றியுரைக்கு இருவர் இருந்தார்கள். அங்கியின் மேல் பதக்கத்தை மாட்டினால்தான் படம் நன்றாக வரும் என்று சார்ஃபோ பிராகோவை மறுபடி அங்கிக்குள் நுழைத்தார். எல்லாரும் சிற்றுண்டிப் பெட்டியோடு வெளியே போனபிறகு அவளை நிறுத்தி வைத்தார்.

"டாக்டர், பேருரை பாக்கி இருக்கு."

"இவ்வளவு நேரம் நான் என்ன பண்ணினேன் மிஸ்டர் சார்ஃபோ?"

"அது நானாகிட்ட பேசினது. சங்கத்துக்குப் பேருரை வேணும். மேடையிலே, ஆங்கிலத்துலே, படங்களோட. இல்லேன்னா பதக்கம் செல்லாது."

காலி நாற்காலிகளுக்கு முன்னால், கேமரா பிடித்தவனுக்கும் தரை கூட்டுகிற பெண்ணுக்கும் பிராகோ தன் பேருரையை முழுவதும் வாசித்தாள். முடித்து வெளியே வந்தபோது அவளுக்குச் சிற்றுண்டிப் பெட்டி மிச்சமில்லை.

மறுநாள் காலை துறையின் பின்பக்கம் கைவண்டிகள் வந்து நின்றன. கழிசல் சாக்குகள் மதில் உயரத்துக்குக் குவிந்தன. ஃப்ரேமா தானே வந்திருந்தாள். கொட்டகைக் கதவில் சிவப்பு ரிப்பன் குறுக்கே கட்டியிருந்தது, வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகி. சாவி பிராகோவின் மேஜையில் போன வருஷத்திலிருந்தே கிடந்தது. ரிப்பன்தான் வழியை மறித்தது.

சார்ஃபோ மூச்சிரைக்க ஓடிவந்தார். "தொடாதீங்க டாக்டர்! மந்திரி வெட்டற ரிப்பன்! நான் இப்பவே கடிதம் எழுதறேன். அடுத்த மாசத்துக்குள்ளே தேதி வாங்கிடலாம்."

ஃப்ரேமா வண்டிக்காரனைப் பார்த்தாள். "ஏத்துடா. மில்லுக்குப் போலாம்."

வண்டிக்காரன் முதல் சாக்கில் கைவைத்தான். பிராகோ ஆய்வகத்துக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் கத்தரிக்கோல் இருந்தது.

"டாக்டர், என் வேலை போயிடும்!"

"புதுசா ஒண்ணு கட்டிக்கலாம் மிஸ்டர் சார்ஃபோ. ரிப்பன் நானே வாங்கித் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள்.

மதியத்துக்குள் கொட்டகையில் எண்ணெய் வாசனை வந்துவிட்டது. சார்ஃபோவின் வேலை போகவில்லை. அவர் நிஜமாகவே புது ரிப்பன் கட்டினார். பெண்கள் பின்வாசல் வழியாக வந்து போனார்கள்.

மந்திரிக்குத் தேதி கிடைத்தபோது அறுவடையே முடிந்திருந்தது. அவரும் வரவில்லை, பிரதிநிதி ஒருவரை அனுப்பினார். நிகழ்ச்சி நிரலில் பிராகோவுக்கு வாழ்த்துரை, மூன்று நிமிடம். விழாவுக்காகச் செக்கை அரைநாள் நிறுத்தி வைக்கச் சொல்லி சார்ஃபோ மண்டிக்கு ஆள் அனுப்பினார். ஃப்ரேமா மறுத்துவிட்டாள். அதனால் பிரதிநிதி ரிப்பன் வெட்டியதும், நெடுநேரம் உரையாற்றியதும் செக்கு ஓடுகிற சத்தத்தில்தான் நடந்தது. அவருடைய உதடுகள் அசைவதை எல்லாரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தைகூட யாருக்கும் கேட்கவில்லை. பிராகோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.